நாலாவது பக்கம் தண்ணீர்

சூலூரைத் தாண்டி, செங்காட்டுக் குளத்துக்குப் பிரியும் மண்பாதையில் ஆல்வின் தன் டி.வி.எஸ். வண்டியைத் திருப்பியபோது காலை பதினோரு மணி இருக்கும். பின்சீட்டில் பழைய போர்வை சுற்றி, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டிய அட்டைப்பெட்டி. அதற்குள் இரண்டு கேமராக்கள். ஐப்பசி மழை விட்டு நாலு நாள்தான் ஆகியிருந்தது. பாதையெங்கும் பள்ளம், பள்ளமெங்கும் செந்தண்ணீர். கேமரா அடிபடக்கூடாதென்று பாதித் தூரம் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனான்.

தொண்ணூற்றாறாம் வருஷம் அது. கோயமுத்தூரில் கண்காணிப்புக் கேமரா மாட்டும் வேலை தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆல்வினின் அப்பா காலமெல்லாம் தோட்டங்களில் கூலிக்கு மண்வெட்டி பிடித்தவர். இவன் ஐ.டி.ஐ. படித்து, ரேடியோ பார்த்து, டி.வி. பார்த்து, முப்பத்து மூன்று வயதில் காந்திபுரத்துச் சந்தொன்றில் சொந்தமாக ஒரு சின்னக் கடை போட்டிருந்தான். மில்களுக்கும் நகைக்கடைகளுக்கும் உள்ளே மாட்டும் கேமராதான் அதுவரை பழக்கம். வெயிலிலும் மழையிலும், அதுவும் தண்ணீர்க் கரையில் மாட்டுவது அவனுக்கு அதுதான் முதல் தடவை.

கூப்பிட்டவர் தம்பிதுரை. பல்லடத்தில் தறிக்கூடங்கள் வைத்திருந்தவர். எல்லாவற்றையும் திருப்பூரில் இருக்கும் மகனிடம் ஒப்படைத்துவிட்டு, கடைசிக் காலத்துக்கு நிம்மதியாக இருக்கலாமென்று குளத்தை ஒட்டி எட்டு ஏக்கர் வாங்கி மாடிவீடு கட்டியிருந்தார். மூன்று பக்கமும் ஆள் உயரக் கம்பிவேலி. நாலாவது பக்கம் தண்ணீர். மழைக்காலத்தில் குளம் நிறைந்தால் வீட்டுப் பின்வாசலிலிருந்து எழுபது அடியில் அலை வந்து தொடும்.

"மூணு பக்கம் பூட்டிப்போட்டேன் தம்பி. தண்ணியை எப்படிங்க பூட்டறது?" என்றார் தம்பிதுரை.

விஷயம் இதுதான். பதினைந்து நாளாக வாட்ச்மேன் சென்னிமலை, மத்தியானத்தில் ஒரு பொம்பளை குளத்துப் பக்கமிருந்து தோட்டத்துக்குள் வருகிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அதட்டினால் திரும்பித் தண்ணீர்ப் பக்கமே போய்விடுகிறாளாம். பரிசல் கிடையாது. நீந்துகிற சத்தமும் கிடையாது. பக்கத்துத் தோட்டத்தில் போன மாசம் மோட்டார் களவு போயிருந்தது. அந்தக் கும்பல்தான் வேவு பார்க்க ஒருத்தியை அனுப்புகிறது என்பது தம்பிதுரையின் கணக்கு. ஆள் யாரென்று ஒரு படம் கிடைத்தால் போதும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

ஆல்வின் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு கரையோரமாக நடந்தான். காலடியில் சேறு வழுக்கியது. அழுகிய ஆகாயத்தாமரையின் வாடை மூக்கைப் பிடித்தது. தண்ணீர் பக்கத்தில் இருந்தால் கேமராவுக்கு எத்தனை தொல்லை என்று அங்கே நின்றபோதுதான் அவனுக்குப் புரிந்தது. சாயங்கால வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணாடியாய் அடிக்கும். வெளிச்சத்துக்குத் தக்கபடி தானே சுருங்கி விரியும் லென்ஸ் வேண்டும். பனிக்காலத்தில் கேமராவை மூடியிருக்கும் கூட்டின் கண்ணாடியில் ஈரம் படியும். சிலந்தி வலை கட்டும். இடி இறங்கினால் கேபிள் வழியாக வீட்டுக்குள்ளேயே வரும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கேள்வி. கறுப்பு-வெள்ளையா, கலரா?

கறுப்பு-வெள்ளைக்கு மங்கல் வெளிச்சமே போதும். கண்ணுக்குப் படாத வெளிச்சத்தையும் அது கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். டி.வி. ரிமோட்டை அதன் முன்னால் பிடித்து அழுத்தினால், நம் கண்ணுக்குத் தெரியாமல் முனையில் மினுக்கும் பொட்டு அதில் பளிச்சென்று தெரியும். கலர் கேமராவில் அதைத் தடுக்க உள்ளே ஒரு கண்ணாடி வைத்திருப்பார்கள். கண் பார்ப்பதை மட்டும்தான் அது பார்க்கும். ஆனால் சேலை என்ன நிறம், சட்டை என்ன நிறம் என்று சொல்லும். இரண்டையும் ஒரே கம்பத்தில் பக்கத்தில் பக்கத்தில் கட்டிக் காட்டுகிறேன், பார்த்துவிட்டு நீங்களே முடிவு பண்ணுங்கள் என்றான் ஆல்வின்.

கேபிள் இழுத்துக்கொண்டிருந்தபோது தம்பிதுரையின் மனைவி ராசாத்தாள் மோர் கொண்டுவந்தாள். ஐம்பதைத் தாண்டிய, மெலிந்த அம்மா. செம்பைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். முப்பது வருஷம் தறிச்சத்தத்துக்குள்ளேயே இருந்துவிட்டு இங்கே வந்தால் காதுக்குள் ஒரே அமைதியாக இருக்கிறதென்றும், அந்த அமைதியில் தூக்கமே பிடிக்கவில்லையென்றும் சொன்னாள். பிறகு கம்பத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்தாள்.

"இதுல ஆரு வந்தாலும் தெரிவாங்களா கண்ணு?"

தெரிவாங்க அம்மா, என்றான் ஆல்வின். அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்ததுபோல் தெரிந்தது.

மாடியில் மேற்குப் பார்த்த அறையில் இரண்டு திரைகளை மேசைமேல் வைத்து இணைப்புக் கொடுத்தான். மணி ஒன்றேகால். மூவரும் நின்று பார்த்தார்கள். வலப்பக்கம் கலர். செம்மண் கரை, பச்சைத் தாமரை இலைகள், அதற்கப்பால் பழுப்புத் தண்ணீர். இடப்பக்கம் கறுப்பு-வெள்ளை. அதே கரை, அதே இலைகள், அதே தண்ணீர்.

தண்ணீரில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

இடுப்பளவுத் தண்ணீர். முதுகைக் காட்டி நின்றாள். காட்டுவேலைக்குப் போகிறவர்களைப் போல முந்தானையை இழுத்துச் செருகி, கூந்தலை முடிந்திருந்தாள். பஸ் வருமென்று நிற்கிறவளைப் போல வெறுமனே நின்றாள். காற்றில் அலை வந்து கரையில் மோதிக்கொண்டிருந்தது. அவளைச் சுற்றிமட்டும் தண்ணீர் அசையவில்லை.

கலரில் அவள் இல்லை.

ஆல்வின் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தான். வெயில், குளம், தூரத்தில் இரண்டு நீர்க்காகங்கள். அவ்வளவுதான். முதலில் ஏதோ இணைப்புக் கோளாறு, பழைய படம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்றுதான் நினைத்தான். கேபிள்களை மாற்றிச் செருகினான். அவள் வலப்பக்கத் திரைக்கு மாறினாள். கீழே ஓடிப்போய் லென்ஸைத் துடைத்துவிட்டு, அந்தத் தண்ணீருக்கு நேராக நின்று பார்த்தான். பத்தடியில் வெறும் தண்ணீர். மறுபடி மேலே வந்தான்.

அவள் அங்கேயேதான் இருந்தாள். கரைக்கு இரண்டடி நெருங்கியிருந்தாள்.

தம்பிதுரையின் நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. ராசாத்தாள்தான் மெதுவாகச் சொன்னாள்.

"அவதான்."

தம்பிதுரை மனைவி பக்கம் திரும்பவே இல்லை. கொஞ்ச நேரம் இரண்டு திரைகளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு கைநீட்டிக் கலர் திரையைத் தொட்டார்.

"இதையே போட்டுருங்க தம்பி. மாட்டப்போற நாலு கேமராவும் கலராவே இருக்கட்டும். அந்தக் கறுப்பு-வெள்ளைல ஏதோ கோளாறு இருக்குது."

கோளாறு இல்லையென்று ஆல்வினுக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தான். ஆனால் எதில் தெரியவில்லையோ அதையே அவர் கேட்டபோது, தன் நெஞ்சிலிருந்தும் ஒரு பாரம் இறங்கியதை அவன் உணர்ந்தான். தலையை ஆட்டிவிட்டு, கறுப்பு-வெள்ளைக் கேமராவைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடினான். அந்தத் தலையாட்டலைப் பிற்பாடு எத்தனையோ நாள் நினைத்துப் பார்த்திருக்கிறான்.

கிளம்பும்போது கேட் வரைக்கும் ராசாத்தாள் கூடவே வந்தாள். கணவர் காதில் விழாத தூரம் வந்ததும், அந்தப் பெண் தினமும் வருகிறாளென்றும், தன் கண்ணுக்கு நன்றாகவே தெரிகிறாளென்றும் சொன்னாள். மத்தியானத்தில் அவர் தூங்கும்போது பின்வாசல் படியில் உட்கார்ந்து அவளிடம் பேசிக்கொண்டிருப்பாளாம். மகன் வருவதில்லை, மருமகள் போன் செய்வதில்லை, இந்த எட்டு ஏக்கருக்குள் தன்னிடம் பேச வேறு ஆளில்லை என்றாள். அவள் யாரென்று ஆல்வின் கேட்டான்.

"பேரு கேட்டாச் சொல்ல மாட்டேங்கறா கண்ணு. நான் சொல்றதையெல்லாம் கேட்டுக்கிட்டே நிப்பா. இப்பெல்லாம் வா, வான்னு கூப்பிடறா."

தண்ணீர்ப் பக்கம் போகாதீர்கள் அம்மா என்று மட்டும் அவனால் சொல்ல முடிந்தது. அவள் சிரித்தாள். சின்னப் பிள்ளை சொல்வதைக் கேட்டுச் சிரிப்பதைப் போல.

அடுத்த வாரம் நாலு கலர் கேமராக்களையும் மாட்டினான். ஒன்று கேட்டுக்கு, ஒன்று பின்கதவுக்கு, ஒன்று துணி துவைக்கும் கல்லும் கொடிக்கம்பியும் இருக்கும் பக்கவாட்டு வாசலுக்கு, நாலாவது குளத்துக்கு. ஒரே திரையை நாலாகப் பிரித்துக் காட்டும் பெட்டியும், சில விநாடிகளுக்கு ஒரு படமாக நாள் முழுக்கப் பதியும் ரெக்கார்டரும் மாடி அறையில் உட்கார்ந்தன. படம் பளிச்சென்று இருந்தது. குளத்தில் யாரும் தெரியவில்லை. தம்பிதுரை பல்லடத்திலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் திரையைக் காட்டினார். அந்த வாரமே சென்னிமலை வேலையை விட்டுப் போய்விட்டான். கேமராதான் இருக்கிறதே என்று அவர் வேறு ஆள் வைக்கவில்லை.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் பெரிய இடி. மறுநாள் காலை தம்பிதுரை கடைக்குப் போன் செய்தார். குளத்துப் பக்கத்துக் கேமரா மட்டும் கறுத்துப் போய்விட்டதாம். தனக்குப் பல்லடத்தில் ஒரு கல்யாணம் இருக்கிறது, வீட்டில் அம்மா மட்டும்தான் இருப்பாள், வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்.

ஆல்வின் போனபோது மணி இரண்டு. ராசாத்தாள் கதவைத் திறந்தாள். போன மாசம் பார்த்ததைவிட முகம் தெளிந்து, கண்ணில் ஒரு மினுக்கம் இருந்தது. தலை குளித்திருந்தாள். கூந்தலிலிருந்து சொட்டுச் சொட்டாக ஈரம். சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றதும், சரி கண்ணு, உன் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள்.

கம்பத்தில் ஏறிப் பார்த்தான். கேமரா எரிந்துபோயிருந்தது. கேபிள் நன்றாக இருக்கிறதா என்று சோதிக்க வேறொரு கேமராவை மாட்டிப் பார்க்கவேண்டும். பெட்டியில் இருந்தது ஒன்றே ஒன்று. பழைய கறுப்பு-வெள்ளை. கையில் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஏணியிலேயே நின்றான். ஐந்து நிமிஷ வேலை, கேபிளைப் பார்த்துவிட்டு உடனே கழற்றிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மாட்டினான்.

மாடிக்குப் போய்த் திரையைப் பார்த்தான். மூன்று கட்டங்கள் நிறத்தோடு. நாலாவது கட்டம் சாம்பல். அதில் தண்ணீர் மட்டும் இருந்தது. யாரும் இல்லை. நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டான். கேபிள் பழுதில்லை. இனி கழற்றிவிடலாம்.

அப்போது இரண்டாவது கட்டத்தில் பின்கதவு திறந்தது.

ராசாத்தாள் வெளியே வந்தாள். மாம்பழ நிறச் சேலை. கதவைச் சாத்தவில்லை. படியிறங்கிப் பக்கவாட்டு வாசலுக்குத் திரும்பி, மூன்றாவது கட்டத்துக்குள் வந்தாள். துவைக்கும் கல்லைத் தாண்டினாள். தனியாகத்தான் நடந்தாள். ஆனால் அவளுடைய வலதுகை உடம்போடு ஒட்டியிருக்கவில்லை. முழங்கை மடங்கி, பக்கத்தில் வரும் யாரோ கைகோத்திருப்பதைப் போல இருந்தது. தலையைச் சாய்த்து அந்தப் பக்கமாக ஏதோ பேசிக்கொண்டே நடந்தாள். நடுவில் ஒரு தடவை சிரித்தாள்.

ஆல்வின் நாற்காலியை விட்டு எழுந்தான்.

மூன்றாவது கட்டத்தின் ஓரத்தில் மாம்பழ நிறச் சேலை மறைந்தது.

நாலாவது கட்டத்துக்குள் இரண்டு பேர் வந்தார்கள்.

கைகோத்தபடி வந்தார்கள். ராசாத்தாளைவிட அவள் ஒரு பிடி உயரம். சேலை உடம்போடு ஒட்டிக்கிடந்தது. கரைச் சரிவில் ராசாத்தாளின் கால் வழுக்கியபோது, அந்தப் பெண் அவளை விழாமல் தாங்கிப் பிடித்தாள். அத்தனை பதமாகப் பிடித்தாள்.

ஆல்வின் ஜன்னலுக்குத் தாவினான். கம்பி வழியாகப் பார்த்தால் ராசாத்தாள் ஒருத்திதான் தெரிந்தாள். கணுக்கால் தண்ணீரில் நின்றாள். அம்மா, அம்மா என்று தொண்டை கிழியக் கத்தினான். அவள் நின்று திரும்பிப் பார்த்தாள். முகத்தில் பயமில்லை. மாடி ஜன்னலைக் கைநீட்டிக் காட்டி, பக்கத்து வெற்றிடத்திடம் என்னவோ சொன்னாள். இவன் இன்னாரென்று விருந்தாளிக்கு அறிமுகம் செய்கிறவளைப் போல.

ஆல்வின் பார்வை தானாகத் திரைக்குப் போனது.

சாம்பல் கட்டத்தில் அந்தப் பெண் திரும்பிக்கொண்டிருந்தாள். அதுவரை முதுகு மட்டுமே காட்டியவள் முழுசாகத் திரும்பி மாடியைப் பார்த்தாள். கோரம் எதுவும் இல்லை. சாதாரணமான முகம். சந்தையில், பஸ்ஸில், எங்கேயும் பார்க்கக்கூடிய முகம். பேர் சொன்னதும் ஆளை அடையாளம் வைத்துக்கொள்கிறவர்களைப் போல, மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

ஓடினான். படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி, அடுக்களை வழியாகப் பின்கதவுக்கு வந்தான்.

கதவு சாத்தியிருந்தது. வெளியே தாழ் போட்டிருந்தது.

தோளால் இடித்தான். தேக்குக் கதவு அசையவில்லை. திரும்பி முன்வாசல் வழியாக ஓடி, வீட்டைச் சுற்றி, கல்லைத் தாண்டி, கரைக்கு வந்தபோது அங்கே குளம் மட்டும் இருந்தது. வெயில் தண்ணீரில் தகதகத்தது. அலை வந்து மோதி, மோதிப் போனது. நீச்சல் தெரியாதவன். ஆனாலும் இறங்கினான். நெஞ்சளவு வரைக்கும் போய், கைகளால் தண்ணீருக்குள் துழாவினான். சேறு காலை உள்ளே இழுத்தது. கையில் தாமரைத் தண்டுகள் மட்டும் சிக்கின. எதிர்க்கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் அவன் கூச்சலைக் கேட்டுப் பரிசலில் வருவதற்குள் அரைமணி நேரம் ஓடிவிட்டது.

மறுநாள் விடிகாலையில்தான் ராசாத்தாள் கிடைத்தாள். கல்யாணத்துக்குக் கட்டிப்போன பட்டுவேட்டியைக்கூட மாற்றாமல் தம்பிதுரை கரையில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. ஆல்வினை ஏறிட்டுப் பார்க்கவும் இல்லை.

போலீஸ் ரெக்கார்டர் டேப்பைப் போட்டுப் பார்த்தது. சாம்பல் கட்டத்தில் இரண்டு பேரும் தெளிவாகப் பதிவாகியிருந்தார்கள். கூடப் போன பெண் யார் என்பதுதான் இன்ஸ்பெக்டரின் ஒரே கேள்வி. மூன்றாவது கட்டத்தில் அவள் ஏன் இல்லையென்று ஆல்வின் கேட்டதற்கு, கேமராவுக்கு எட்டாமல் ஓரமாக நடந்திருப்பாள் என்றார். பின்கதவையும் ஆல்வின் காட்டினான். ஒரு படத்தில் கதவு திறந்திருக்கிறது. அடுத்த படத்தில் சாத்தித் தாழ் போட்டிருக்கிறது. இரண்டு படத்துக்கும் நடுவில் சில விநாடிகள்தான். அந்த நேரத்தில் ராசாத்தாள் தண்ணீரில் நிற்கிறாள். நடுவில் பதியாமல் விட்டுப்போன இடத்தில் யாராவது வந்திருப்பார்கள் என்று இன்ஸ்பெக்டர் முடித்துவிட்டார். திரையில் தெரிந்த முகத்தைப் படமெடுத்துச் சூலூர் முதல் பல்லடம் வரை விசாரித்தார்கள். அப்படி ஒருத்தியை யாருக்கும் தெரியவில்லை. ஆல்வினை ஆறு தடவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். ஏழாவது தடவை கூப்பிடவில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாசம் கழித்துத் தம்பிதுரை காந்திபுரம் கடைக்கு வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்தால் வேண்டாமென்று தள்ளி வைத்தார். கலரையெல்லாம் கழற்றிவிட்டு நாலும் கறுப்பு-வெள்ளையாக மாட்டித் தரவேண்டும் என்றார். எதற்கென்று ஆல்வின் கேட்கவில்லை. கேட்காமலே அவர் சொன்னார்.

"பாக்காம இருந்தா அது இல்லைன்னு நெனச்சுப்போட்டேன் தம்பி. ராசாத்தா என்ற பக்கத்துலயே நின்னு, அவதான்னு சொன்னா. நான் திரும்பிக்கூடப் பாக்கலை. இனி ஒருக்கா அவளைப் பாத்தாப் போதுமுங்க."

ஆல்வின் மாட்டேன் என்றான். கையைப் பிடித்துக்கொண்டு, அந்த வீட்டை விற்றுவிட்டு மகனிடம் போய்விடுங்கள் சார் என்று மன்றாடினான். அவர் கையை விடுவித்துக்கொண்டு எழுந்து போனார். வேறொரு கடையிலிருந்து ஆள் போய் மாட்டிக் கொடுத்ததாகப் பிறகு தெரிந்தது.

மாசியில் ஒருநாள் காலை மனசு கேட்காமல் ஆல்வின் அங்கே போனான். கேட் திறந்து கிடந்தது. மாடி அறையில் திரைக்கு முன்னால் தம்பிதுரை உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. பக்கத்தில் தட்டில் முந்தின நாள் சோறு காய்ந்து கிடந்தது. திரையில் நாலு சாம்பல் கட்டங்கள். ஆல்வின் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலாவது கட்டத்தைப் பார்த்தான். தண்ணீர் வற்றிக் கரையை விட்டு விலகியிருந்தது. அதில் யாரும் இல்லை.

"ஆரும் வரலைங்க," என்றார் தம்பிதுரை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மாட்டின நாள்லருந்து பாக்கறேன். ஒரு நாளும் வரலை. ரெண்டு பேருமே இங்க இல்லீங்க."

ஆல்வினுக்கு அது நல்ல செய்தியாகத்தான் பட்டது. எது வந்ததோ அது போய்விட்டது என்று அவருக்குச் சொன்னான். அவர் மெல்லத் தலையசைத்தார்.

"எங்க போனாங்கன்னுதான் தெரியலைங்க."

அதற்குப் பிறகு ஆல்வின் அந்தப் பாதையில் போகவில்லை. கறுப்பு-வெள்ளைக் கேமரா வாங்குவதையும் விற்பதையும் நிறுத்தினான். கடையில் மிச்சமிருந்ததையெல்லாம் இஸ்மத் என்ற கூட்டாளிக்குத் தூக்கிக் கொடுத்தான். கலர் மட்டும் போதுமென்று கேட்கிற வேலைகளை மட்டும் எடுத்தான். பங்குனி வந்தது. வெயில் ஏறியது. ராத்திரியில் தூக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்க ஆரம்பித்தது.

சித்திரையில் பல்லடத்துக்கு அப்பால் ஒரு புது நூல்மில்லில் வேலை கிடைத்தது. சுற்றிலும் ஐந்தாறு கிலோமீட்டருக்குக் குளம் கிடையாது, வாய்க்கால் கிடையாது. கருவேல முள்ளும் கோழிப்பண்ணைகளும் காய்ந்த பூமியும்தான். வேலையை ஒத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். மூன்றாம் நாள் மத்தியானம், ஆபீஸ் மாடியில் ஒரு சின்ன அறைக்குள் உட்கார்ந்து கேட் கேமராவின் படத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். கலர் படம். நீலச் சட்டை போட்ட வாட்ச்மேன் வேலுமணி கேட்டோரக் கூண்டில் உட்கார்ந்திருந்தார். வெளியே தார்ரோடு வெயிலில் நெளிந்தது.

வேலுமணி எழுந்து வெளியே வந்தார். ரோட்டுப் பக்கம் பார்த்துத் தலையை ஆட்டினார். கூண்டுக்குள்ளிருந்து தண்ணீர்ச் செம்பை எடுத்துவந்து கம்பிக்கு வெளியே நீட்டினார். பிறகு இன்டர்காமை எடுத்தார். ஆல்வின் பக்கத்திலிருந்த போன் மணியடித்தது.

"ஏனுங்க, உங்களைப் பாக்கோணும்னு ரெண்டு அம்மா வந்திருக்காங்க. பேரைச் சொல்லிக் கேக்கறாங்க."

ஆல்வின் திரையைப் பார்த்தான். கேட்டுக்கு வெளியே வெறும் ரோடு.

"இந்த வெயில்ல எப்படித்தான் நனைஞ்சாங்களோ, ரெண்டு பேரு சீலையும் சொட்டச் சொட்ட இருக்குதுங்க. பாவமா இருக்குது. உள்ள உடட்டுங்களா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. அடிவயிற்றிலிருந்து எக்கிப் பார்த்தும் சத்தம் எழவில்லை. அந்தப் பக்கம் வேலுமணி கொஞ்சம் காத்திருந்துவிட்டு, சரிங்க என்று தானாகவே சொல்லிப் போனை வைத்தார்.

திரையில் அவர் கேட்டைத் திறந்தார்.

யாருக்கோ வழிவிட்டு, மரியாதையாக ஒதுங்கி நின்றார். இரண்டு பேர் கடந்து போகும் நேரம் அளவுக்கு அப்படியே நின்றார். பிறகு கையைத் தூக்கி ஆபீஸ் மாடியைக் காட்டினார். இந்த அறையைத்தான் காட்டினார்.

ஆல்வின் நாற்காலியிலிருந்து எழ முடியாமல், யாருமே இல்லாத அந்த மில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கீழே, மரப்படியில் ஈரக்கால் வைக்கும் சத்தம் கேட்டது.